கம்பியில்லாமல் விளக்கேற்ற நினைத்தவர்

(மூன்றாம் ஆண்டு மின்னியல் மாணவன் ஒருவன் எழுதியது)



வீட்டு விளக்கை வயர்லெஸ்ஸில் இயக்கத் தொடங்குவது எப்படி என்று ஒரு கட்டுரை வேண்டும் என்றுதான் மலர்க்குழுவில் கேட்டார்கள். எங்கள் பேட்ச் புராஜெக்ட் அதுதான் என்பதால் வேலை என் தலையில் வந்து விழுந்தது. சர்க்யூட் படம் ஒன்று போட்டு, பார்ட்ஸ் பெயரை எழுதி, இரண்டு பக்கத்தில் முடித்திருக்கலாம். ஆனால் புராஜெக்ட் கண்காட்சியன்று எங்கள் மேஜைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி. வயரே இல்லாமல் பல்புக்குக் கரண்ட் எப்படிப் போகிறது? போகவில்லை, கரண்ட் பழையபடி வயரில்தான் போகிறது, காற்றில் வருவது கட்டளை மட்டும்தான் என்று சொன்னால், சிலருக்கு முகம் சுருங்கிவிட்டது. அவ்வளவுதானா என்பது போல ஒரு பார்வை!

அந்த அவ்வளவுதான் எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்ல எனக்கு ஒரு மனிதரின் கதை தேவைப்படுகிறது. கரண்டையே காற்றில் அனுப்பிவிட வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கப் போராடித் தோற்றவர் அவர். கட்டளையை மட்டும் அனுப்பும் வித்தையை 1898-லேயே செய்து காட்டி, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாததால் அதைப் பெட்டியில் போட்டு மூடியவரும் அவர்தான். நமக்கெல்லாம் அவர் பெயர் காந்தப்பாய அடர்த்தியின் அலகாகத்தான் அறிமுகம். தேர்வில் அலகு எழுத மறந்தால் மார்க் போகும், அதனால் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். டெஸ்லா. நிகோலா டெஸ்லா.

1856 ஜூலை 10-ஆம் தேதி ஸ்மில்யான் என்ற சிற்றூரில் பிறந்தார். அன்று அது ஆஸ்திரியப் பேரரசின் எல்லைப்புறம். இன்று குரோஷியா நாட்டில் இருக்கிறது. குடும்பம் செர்பியக் குடும்பம். அப்பா மிலுடின் தேவாலயத்துப் பாதிரியார். பிள்ளைகள் ஐந்து பேரில் இவர் நான்காவது. அண்ணன் ஒருவர் சிறு வயதிலேயே குதிரை விபத்தில் இறந்துபோனார். வீட்டில் இருந்த இன்னொரு பிள்ளைக்கு அது எப்பேர்ப்பட்ட சுமை என்று நினைத்துப் பாருங்கள். இவர் என்ன செய்தாலும் அண்ணன் இருந்திருந்தால் என்ற நிழல் கூடவே வந்தது.

அம்மா ஜூகாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வீட்டுக்கு வேண்டிய கருவிகளைத் தன் கையாலேயே செய்துகொள்வாராம். நூல் நூற்பது, நெய்வது எல்லாம் அவரேதான். நீண்ட காவியப் பாடல்களை மனப்பாடமாகச் சொல்வாராம். அறுபது வயதைத் தாண்டியும் ஒரு கண்ணிமை முடியில் மூன்று முடிச்சுப் போடும் அளவுக்கு விரல் ஓடும் என்று டெஸ்லா பெருமையாக எழுதியிருக்கிறார். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கும் புத்தி தனக்கு அம்மாவிடமிருந்துதான் வந்தது என்று கடைசி வரை சொன்னார். எங்கம்மாவும் கைநாட்டுதான். பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் குடத்துக்கும் வாளிக்கும் பிடி சுற்றுவதில் இருந்து, ஒடிந்துபோன குடைக் கம்பியில் பல்லிடுக்கு இல்லாத கொக்கி செய்வது வரை எல்லாம் செய்வார்கள். அதைப் போய் இஞ்சினியரிங் என்று நான் நினைத்ததே இல்லை, இவர் கதையைப் படிக்கும் வரை.

அப்பாவுக்கு மகனைப் பாதிரியாராக்க ஆசை. மகனுக்கோ இஞ்சினியரிங்மீது வெறி. பள்ளி முடித்து வீட்டுக்கு வந்த நேரத்தில் காலரா வந்து ஒன்பது மாதம் படுக்கையில் கிடந்தார். பிழைக்க மாட்டான் என்று நினைத்த நேரத்தில், எழுந்து வந்தால் உலகத்திலேயே நல்ல தொழில்நுட்பப் பள்ளியில் சேர்க்கிறேன் என்று அப்பா வாக்குக் கொடுத்தார். எழுந்து வந்துவிட்டார்!

1875-ல் கிராட்ஸ் நகரத்துப் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். ஆமாம் நண்பர்களே, பாலிடெக்னிக்தான். உதவித்தொகையில் படித்தார். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்தால் இரவு பதினொரு மணி வரை படிப்பு. ஞாயிற்றுக்கிழமையும் லீவு கிடையாது. முதல் வருஷம் எழுத வேண்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்காக ஒன்பது பரீட்சை எழுதி, எல்லாவற்றிலும் தேறினார். அந்த மார்க்கை எடுத்துக்கொண்டு ஊருக்கு ஓடினார். அப்பா அதைப் பெரிதாகவே கண்டுகொள்ளவில்லை. அந்த வருத்தம் அவருக்கு ரொம்ப நாள் இருந்தது.

இரண்டாம் வருஷம் அங்கே ஒரு கிராம் மெஷின் வந்து இறங்கியது. கிராம் என்பவர் வடிவமைத்த டி.சி. மெஷின், ஜெனரேட்டராகவும் ஓடும், மோட்டாராகவும் ஓடும். பேராசிரியர் பொஷ்ல் அதை ஓட்டிக் காட்டினார். பிரஷ் தொடும் இடத்தில் தீப்பொறி பறந்தது. நம்ம மெஷின்ஸ் லேபில் பழைய டி.சி. மோட்டாரில் பார்க்கிறோமே, அதே நீலப் பொறிதான். டெஸ்லா எழுந்து, இந்தக் கம்யூட்டேட்டரும் பிரஷும் இல்லாமலேயே மோட்டாரை ஓட்ட முடியும் என்றார். பேராசிரியர் அடுத்த வகுப்பு முழுவதையும் அது ஏன் நடக்காது என்று விளக்குவதற்கே செலவிட்டாராம். மாணவன் வாயடைத்து உட்கார்ந்தான். கொஞ்ச நாள் கழித்து, இல்லை, முடியும் என்று மறுபடி மனசு சொன்னது.

அதற்குப் பிறகு நடந்தது யூடியூபில் வரும் வீடியோக்களில் அதிகம் வராது. உதவித்தொகை நின்றது. சீட்டாட்டம், பில்லியர்ட்ஸ் என்று சூதாட்டத்தில் விழுந்தார். மூன்றாம் வருஷம் பரீட்சைக்குத் தயாராகவில்லை. 1878 டிசம்பரில் யாரிடமும் சொல்லாமல் கிராட்ஸை விட்டுப் போய்விட்டார். ஆற்றில் விழுந்து செத்துவிட்டான் என்றுகூட நண்பர்கள் நினைத்தார்கள். மாரிபோர் என்ற ஊரில் டிராயிங் போடும் வேலையில் இருந்தவரை அப்பா தேடிப் போய்க் கூப்பிட்டார், வரவில்லை. 1879 மார்ச்சில் அனுமதிச் சீட்டு இல்லாமல் தங்கியதற்காகப் போலீஸ் காவலுடன் ஊருக்குக் கொண்டுவந்து விட்டார்கள். ஏப்ரலில் அப்பா இறந்துவிட்டார்.

அப்பா போன பிறகு அவர் வைத்திருந்த ஒரு கட்டுக் கடிதம் கிடைத்தது. கிராட்ஸ் பேராசிரியர்கள் அப்பாவுக்கு எழுதியவை. உங்கள் பையன் இப்படியே ராப்பகலாகப் படித்தால் செத்துப்போவான், அழைத்துக்கொண்டு போய்விடுங்கள் என்ற எச்சரிக்கை. முதல் வருஷ மார்க்கைப் பார்த்து அப்பா ஏன் சந்தோஷப்படவில்லை என்பது அப்போதுதான் மகனுக்குப் புரிந்தது. கேட்க ஆள் இல்லை.

இந்த இடத்தைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருத்தன்தான். செமஸ்டர் ரிசல்ட் வந்தால் எங்கப்பா எத்தனை மார்க் என்று கேட்க மாட்டார், ஒழுங்கா சாப்பிடுறியா என்றுதான் கேட்பார். நம்மில் பல பேர் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும்.

சூதாட்டத்தை நிறுத்தியது அம்மா. திட்டவில்லை, அழவில்லை. ஒருநாள் ஒரு கட்டுப் பணத்தைக் கையில் கொடுத்து, போய் ஆடு, இருப்பதையெல்லாம் சீக்கிரம் தொலைத்தால் நல்லதுதான் என்று சொல்லி அனுப்பினார். அன்றோடு விட்டுவிட்டார். பட்டம் மட்டும் வாங்கவே இல்லை. 1880-ல் பிராக் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பெயர் பதியாமல் சும்மா போய் உட்கார்ந்து வகுப்புக் கேட்டதோடு படிப்பு முடிந்தது.

1881-ல் புடாபெஸ்டில் டெலிபோன் நிலைய வேலை. 1882 பிப்ரவரியில் ஒரு மாலை, நண்பரோடு பூங்காவில் நடக்கும்போது அந்தப் பழைய கேள்விக்குப் பதில் பளிச்சென்று வந்தது. குச்சியால் மண்ணில் படம் போட்டுக் காட்டினார். இரண்டு சுருள்களில் ஒன்றுக்கொன்று பின்தங்கி வரும் ஏ.சி.யை விட்டால், காந்தப்புலம் தானாகவே சுற்றும். சுற்றுகிற புலம் ரோட்டாரையும் இழுத்துக்கொண்டு சுற்றும். பிரஷ் இல்லை, கம்யூட்டேட்டர் இல்லை, பொறி இல்லை. நம்ம ஊர் கிணற்று மோட்டார், மாவு மில் மோட்டார் எல்லாம் அந்தக் குச்சிப் படத்தின் பேரப்பிள்ளைகள்தான்!

1884 ஜூனில் நியூயார்க் போய் இறங்கினார். எடிசன் கம்பெனியில் சில மாதம் வேலை, சம்பளத் தகராறு, விலகல். பிறகு முதல் போட்டவர்களை நம்பி ஒரு ஆர்க் விளக்குக் கம்பெனி; வேலை முடிந்ததும் அவர்கள் இவரைக் கழற்றிவிட்டார்கள். 1886-87 குளிர்காலத்தில் நாளுக்கு 2 டாலர் கூலிக்குப் பள்ளம் வெட்டினார். மண்வெட்டி பிடித்த கை என்பதால் எனக்கு இவர்மீது தனிப் பாசம். 1888 மே 1-ஆம் தேதி மோட்டார் பேட்டன்ட்டுகள் கிடைத்தன. அந்த ஜூலையில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் உரிமம் வாங்கினார். குதிரைத்திறன் ஒன்றுக்கு 2.50 டாலர் ராயல்டி என்பது பேச்சு. வெஸ்டிங்ஹவுஸ் நொடித்தபோது டெஸ்லா ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டார் என்று சினிமா போலச் சொல்வார்கள். கிழித்தாரோ இல்லையோ, அந்த ராயல்டியை விட்டுக்கொடுத்தது உண்மை. கடைசியில் 1897-ல் 2,16,000 டாலருக்கு மொத்தமாகக் கைமாறியது. 1893 சிகாகோ கண்காட்சி, 1896-ல் நயாகராவில் இருந்து பஃபலோ நகரத்துக்குப் போன ஏ.சி. எல்லாம் நம் பாடத்திலேயே இருப்பதால் தாண்டிப் போகிறேன்.

இனிதான் நம்ம விஷயம்.

1891 மே 20, நியூயார்க் கொலம்பியா கல்லூரி. மேடையில் இரண்டு பெரிய துத்தநாகத் தகடுகளைத் தள்ளித் தள்ளித் தொங்கவிட்டிருந்தார். அவற்றுக்கு உயர் அதிர்வெண், உயர் வோல்டேஜ் இணைப்பு. அவர் கையில் கண்ணாடிக் குழாய்கள், அவற்றில் வயர் எதுவும் இல்லை. தகடுகளுக்கு நடுவில் போய் நின்றதும் குழாய்கள் ஒளி வீசின. கூடியிருந்த இஞ்சினியர்கள் அசந்துபோனார்கள். மாயம் இல்லை, தகடுகளுக்கு இடையே வேகமாக மாறும் மின்புலம் குழாயில் இருக்கும் வாயுவைக் கிளப்பிவிடுகிறது, அவ்வளவுதான். வீட்டு அறையின் கூரையையும் தரையையும் இப்படி அமைத்துவிட்டால், விளக்கை எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போய் வைக்கலாம் என்று கனவு கண்டார். அதுவே வளர்ந்து, அறைக்குப் பதில் பூமி முழுவதும் என்று ஆகிவிட்டது.

அறைக்குள் நடந்தது ஊர் தாண்டி நடக்காததற்குக் காரணம் எளிது. சக்தி எல்லாப் பக்கமும் விரிந்துபோகும். தூரம் கூடக் கூட, போய்ச் சேருவது மளமளவென்று குறையும். இன்று போனைத் தட்டின்மேல் வைத்து சார்ஜ் போடுகிறோம், வயர் கிடையாது. ஆனால் போனை நாலு விரற்கடை தூக்கிப் பிடியுங்கள், சார்ஜ் நின்றுவிடும்.

1895 மார்ச் 13-ஆம் தேதி அவருடைய ஆய்வுக்கூடம் எரிந்து சாம்பலானது. இன்சூரன்ஸ் இல்லை. குறிப்புகள், கருவிகள், மாதிரிகள் எல்லாம் போயின. அதே 1895-ல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், சுவர்களைத் தாண்டி அனுப்பிய மின்னலைகளால் மணி அடிக்கவைத்தும் வெடிமருந்தைப் பற்றவைத்தும் காட்டினார் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கம்பியில்லாத கட்டளை டெஸ்லா ஒருவர் மூளையில் மட்டும் உதித்ததல்ல. ஆனால் அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படியும் ஒரு முழு மெஷினைச் செய்து, பேட்டன்ட்டும் வாங்கியவர் இவர்.

1898, நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன். ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் ஏறக்குறைய நாலடி நீளத்தில் ஓர் இரும்புப் படகு. கொஞ்சம் தள்ளி டெஸ்லா ஒரு சிறு பெட்டியோடு நிற்கிறார். பெட்டியில் நெம்புகோலை அசைத்தால் படகு திரும்புகிறது, நிற்கிறது, மேலே இருக்கும் விளக்குகள் எரிகின்றன, அணைகின்றன. கூட்டத்தில் யாராவது கணக்குக் கேட்டால் விளக்கைச் சிமிட்டிப் படகு பதில் சொல்லும்! 64-இன் கன மூலம் என்றால் நாலு சிமிட்டல். உள்ளே குரங்கு இருக்கிறது என்றார்களாம் சிலர், மனோசக்தி என்றார்களாம் சிலர். மார்க்கோனியின் தந்தியே பிள்ளைப் பருவத்தில் இருந்த காலம் அது. ஜனங்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

படகுக்குள் என்ன இருந்தது? இதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. பேட்டரி, ஓட்டுவதற்கு மோட்டார், சுக்கான் திருப்ப இன்னொரு மோட்டார். அலையைப் பிடிக்க உலோகத் தூள் போட்ட ஒரு சிறு குழாய். சாதாரணமாக அந்தத் தூள் கரண்டை விடாது. அலை வந்து தாக்கியதும் துகள்கள் ஒட்டிக்கொண்டு, வழி கிடைக்கும். கொஞ்சம் கரண்ட் போகும். அந்தக் கொஞ்சம் கரண்ட் ஒரு ரிலேயை இழுக்கும். ரிலே பேட்டரியை மோட்டாருக்குச் சேர்த்துவிடும். ஒட்டிய தூள் தானாக உதிராது. அதனால் ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் குழாயைத் தலைகீழாகத் திருப்பி உதிர்க்க ஓர் அமைப்பு. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு சக்கரம் ஒரு படி நகரும். படிக்கு ஒரு வேலை.

யோசித்துப் பாருங்கள். பெட்டியில் இருந்து படகுக்குப் போன அலையில் ஓர் எறும்பைத் தள்ளும் பலம்கூட இல்லை. பலம் முழுவதும் படகின் பேட்டரியில். அலை சொன்னது இப்போ என்ற ஒரு சொல் மட்டும்தான். சக்தியை உள்ளூரிலேயே வைத்துவிட்டு, கட்டளையை மட்டும் காற்றில் அனுப்பு. தூரத்தில் எவ்வளவு குறைந்து வந்தாலும், ரிலேயைத் தூண்டுமளவு வந்து சேர்ந்தால் போதும். இதே மனிதர்தான் மறுபக்கம் சக்தியையே காற்றில் அனுப்பப் போராடிக்கொண்டிருந்தார் என்பதுதான் வேடிக்கை.

1898 நவம்பர் 8-ஆம் தேதி 613,809 என்ற எண்ணில் பேட்டன்ட் கிடைத்தது. நம்ப முடியாமல் பேட்டன்ட் அலுவலகத்தின் மூத்த பரிசோதகர் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார் என்று டெஸ்லா எழுதியிருக்கிறார். அமெரிக்கக் கடற்படை அக்கறை காட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் அலை அனுப்பினால் நம் படகு திரும்பிவிடாதா என்ற கேள்விக்கும் விடை யோசித்திருந்தார். இரண்டு வெவ்வேறு அதிர்வெண்களும் ஒரே சமயத்தில் வந்தால்தான் ரிலே வேலை செய்யும். ஒன்று மட்டும் வந்தால் அசையாது. 1903-ல் பேட்டன்ட் ஆன இது என்ன? நாம் டிஜிட்டல் பேப்பரில் எழுதும் ஆண்ட் கேட் தான்.

இப்போது எங்கள் புராஜெக்ட்டுக்கு வருகிறேன். எங்க அப்பத்தாவுக்கு முழங்கால் வலி. ராத்திரி எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு போய்த்தான் லைட்டைப் போட வேண்டும். சுவிட்ச் போர்டு வாசற்படியைத் தாண்டி இருக்கிறது. போன மழைக்காலத்தில் ஒருமுறை விழுந்தும்விட்டது. வகுப்பில் மற்ற பேட்ச் எல்லாம் இ.எஸ்.பி. 8266 வாங்கி, வைஃபையில், போனில் பட்டன் தட்டினால் லைட் எரிவது போலச் செய்தார்கள். நல்ல வேலைதான், மறுக்கவில்லை. எங்க வீட்டில் வைஃபை கிடையாது, அப்பத்தாவிடம் போனும் கிடையாது. இடுப்பில் சொருகிக்கொள்கிற மாதிரி ஒரே ஒரு பட்டன் போதும். அதனால் 433 மெகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர், ரிசீவர் ஜோடி எடுத்தோம்.

ரிமோட்டில் ஹெச்.டி. 12இ என்கோடர், ரிசீவரில் ஹெச்.டி. 12டி டிகோடர். இரண்டிலும் 8 பிட் முகவரியை ஒரே மாதிரி வைத்தால்தான் பேசிக்கொள்ளும். மொத்தம் 256 முகவரி சாத்தியம். டெஸ்லாவின் இரண்டு அதிர்வெண் பூட்டு இங்கே முகவரியாக மாறியிருக்கிறது. ஆன்டெனாவுக்கு 17.3 சென்டிமீட்டர் வயர், கால் அலைநீளம். டிகோடரில் இருந்து வரும் துடிப்பு ஒரு ஃபிளிப்-ஃபிளாப்பைத் தட்டும். ஒரு தட்டில் எரியும், அடுத்த தட்டில் அணையும். துடிப்புக்கு ஒரு படி நகர்ந்த அந்தப் படகுச் சக்கரம் இதுதான். அதன்பின் ஒரு டிரான்சிஸ்டர், அது இழுக்கும் 5 வோல்ட் ரிலே. ரிலே சுருளுக்குக் குறுக்கே டயோடை மறக்காதீர்கள். மறந்தால் டிரான்சிஸ்டர் கைலாசம்.

ஜூனியர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ரிலேயின் வெளிப்பக்கம். சுவரில் இருக்கும் சுவிட்சைக் கழற்றி எறிந்துவிட்டு ரிலேயை மட்டும் நம்பினால், ரிமோட் செல் தீர்ந்த அன்று வீடு இருட்டு. ரிலேயில் காமன், நார்மலி ஓப்பன், நார்மலி குளோஸ்டு என்று மூன்று முனை இருக்கிறதல்லவா? அது ஒரு டூ-வே சுவிட்ச்தானே! சுவர் சுவிட்சையும் டூ-வே சுவிட்சாக மாற்றி, முதல் வருஷம் வயரிங் லேபில் செய்த மாடிப்படி வயரிங்கைப் போட்டால் முடிந்தது. ரிலே காமனுக்கு பேஸ், இரண்டு முனையில் இருந்தும் சுவர் சுவிட்சுக்கு இரண்டு வயர், சுவர் சுவிட்ச் காமனில் இருந்து விளக்கு. இங்கேயும் போடலாம், அங்கேயும் அணைக்கலாம். பேஸைத்தான் வெட்ட வேண்டும், நியூட்ரலை அல்ல. ரிசீவருக்கு வேண்டிய 5 வோல்ட் அடாப்டருக்கு மட்டும் நியூட்ரல் தேவை. பிளக் பாயின்ட் இருக்கும் போர்டில் அது கிடைக்கும். 230 வோல்ட் பக்கத்தில் கை வைக்குமுன் மெயினை அணைத்து, டெஸ்டரால் பார்த்து, பக்கத்தில் ஒரு வயர்மேன் அண்ணனை வைத்துக்கொள்ளுங்கள். இதில் வீரம் வேண்டாம்.

அப்பத்தா முதல்முறை பட்டனை அழுத்திவிட்டு விளக்கைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தது.

சரி, டெஸ்லாவுக்குத் திரும்புவோம். படகை விட்டுவிட்டு 1899 மே மாதம் கொலராடோ ஸ்பிரிங்ஸ் மலைப்பகுதிக்குப் போனார். 1900 ஜனவரி வரை அங்கே செயற்கை மின்னலோடு வாழ்ந்தார். நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் 200 பல்புகளை வயரில்லாமல் எரியவைத்தார் என்று பல புத்தகங்களில் போட்டிருக்கும். அவருடைய கொலராடோ குறிப்பேடு 1978-ல் பெல்கிரேடில் அச்சாகி வந்தது. அதில் இருப்பது ஆய்வுக்கூடத்தை ஒட்டி, பக்கத்திலேயே எரிந்த சில பல்புகள்தான். ஒரு மனிதரைப் பெரியவராக்க இல்லாததைச் சேர்ப்பது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல என்பது என் கட்சி. உள்ளதே எவ்வளவோ இருக்கிறது.

1901-ல் ஜே.பி. மார்கன் தந்த 1,50,000 டாலரோடு லாங் ஐலண்டில் வார்டன்கிளிஃப் கோபுரம் எழும்பத் தொடங்கியது. உயரம் 187 அடி. முதலில் பேசியது அட்லான்டிக் தாண்டிச் செய்தி அனுப்புவது. அந்த வேலை முடியுமுன்பே 1901 டிசம்பர் 12-ல் மார்க்கோனி எளிய கருவிகளோடு அட்லான்டிக்கைத் தாண்டிச் சமிக்ஞை வாங்கியதாக அறிவித்துவிட்டார். டெஸ்லா பின்வாங்கவில்லை, செய்தி மட்டுமல்ல, மின்சக்தியையே அனுப்புவேன் என்று திட்டத்தைப் பெரிதாக்கினார். மார்கன் மேற்கொண்டு காசு தர மறுத்துவிட்டார். மார்கன் சதி செய்தார், இலவசக் கரண்டை ஒழித்துவிட்டார்கள் என்று இன்று வீடியோ போடுகிறார்கள். சதி தேவையில்லை நண்பர்களே! ஏற்கெனவே சொன்ன கணக்கு ஒன்றே போதும், அது வேலை செய்திருக்காது. ஹோட்டல் பாக்கிக்காக அந்த நிலத்தை எழுதிக்கொடுத்தார். 1917-ல் கோபுரத்தை இடித்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். அதற்குள் படகு பேட்டன்ட்டின் 17 வருஷக் கெடுவும் 1915-ல் முடிந்திருந்தது. அதை வைத்து அவர் காசு பார்க்கவே இல்லை.

கடைசிக் காலம் ஹோட்டல் அறைகளில் கழிந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பூங்காவில் புறாக்களுக்குத் தீனி போடுவார்; அடிபட்ட புறாவை அறைக்கே எடுத்து வந்து வைத்தியம் பார்ப்பார். 1934-இல் இருந்து வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி மாதம் 125 டாலரும் அறை வாடகையும் கொடுத்து வந்தது. 1943 ஜனவரி 7-ஆம் தேதி நியூயார்க்கர் ஹோட்டலில் 33-ஆம் மாடியில், 3327-ஆம் எண் அறையில் தனியாக இறந்தார். வயது 86. மறுநாள்தான் அறையைச் சுத்தம் செய்யும் பெண் பார்த்திருக்கிறார். அந்த ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மார்க்கோனியின் முக்கிய ரேடியோ பேட்டன்ட் ஒன்றின் உரிமைகள் பலவற்றைச் செல்லாது என்றது. முன்னோடி வேலைகளாக லாட்ஜ், ஸ்டோன் ஆகியோரோடு டெஸ்லாவையும் சொன்னது. ஐந்து மாதம் தாமதம். 1957-ல் அவருடைய அஸ்தி பெல்கிரேட் மியூசியத்துக்குப் போனது. தங்க முலாம் பூசிய ஓர் உருண்டைக்குள் இன்றும் அங்கேதான் இருக்கிறது. அலகுக்கு அவர் பெயர் வைத்தது 1960-ல்.

எங்கள் சர்க்யூட் படமும் பார்ட்ஸ் லிஸ்ட்டும் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வேண்டும் என்கிற ஜூனியர்கள் மூன்றாம் ஆண்டு வகுப்புக்கு வந்து கேட்டு, ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம். நோட்டை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பின்பக்கத்தில் அப்பத்தாவின் ரிமோட் முகவரி எழுதியிருக்கிறது.